பூனை வளர்க்கும் வீட்டுக்கு வேட்டை நாய் ஏற்றதா?

தை, மாசி மாதங்களில் கரிசல் காட்டு மகசூல் வீடு வந்து சேர்கிறது. மக்காச்சோளம், கம்பு, சோளம், உளுந்து என்று அந்த ஆண்டு எது விளைந்ததோ அது குலுக்கையிலும் சாக்கிலும் ஏறுகிறது. அதன் பின்னாலேயே எலியும் வந்து சேர்கிறது. சிறு விவசாயியின் வீட்டில் அந்த எலிக்குக் காவல் பெரும்பாலும் ஒரு பூனைதான். அதற்குக் கூலி கிடையாது. ஒரு கரண்டிப் பாலும், மீன் வாங்கும் நாளில் இரண்டு மீன் தலையும் போதும்.

அதே வீட்டுக்கு இன்னொரு காவலும் தேவைப்படுகிறது. கிணற்று மோட்டாரின் ஒயருக்கும், தொழுவத்து ஆடுகளுக்கும் இரவில் ஒரு நாய் வேண்டும். நாய் வாங்கும் பேச்சு எழுந்தால், தென் மாவட்டங்களில் முதலில் வாயில் வருவது சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்னும் பெயர்கள்தாம். 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால் தலைகளில் ராஜபாளையம் நாயும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் நம் நாட்டு நாயினங்களைக் குறிப்பிட்டபோது இந்த மூன்று பெயர்களும் நாடெங்கும் ஒலித்தன. சொந்த மண்ணின் நாயை வளர்க்க வேண்டும் என்னும் ஆர்வம் வரவேற்கத்தக்கது, அதில் ஐயமில்லை.

ஆனால் குட்டியின் நிறம் என்ன, விலை என்ன, வால் எப்படி வளைந்திருக்கிறது என்று கேட்கிறவர்கள், வீட்டிலிருக்கும் பூனையின் கதி என்னவாகும் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி எழுவது பெரும்பாலும் குட்டி வாங்கி ஓராண்டு கழித்து, பூனை செத்துக் கிடக்கும் காலைப் பொழுதில்தான். அதை முன்னதாகவே கேட்டுவிடுவது நாய்க்கும் நல்லது, பூனைக்கும் நல்லது, குலுக்கையிலுள்ள தானியத்துக்கும் நல்லது.

எதற்காக உருவான நாய்?

நாய் இனம் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த உடலும், ஆழ்ந்த நெஞ்சும், ஒட்டிய வயிறும், நீண்ட கால்களும் கொண்டவை. திறந்த வெளியில் கண்ணால் பார்த்து, துரத்தி, எட்டிப் பிடிக்கும் நாய்கள் இவை. கரிசல் காட்டில் முயல் பிடிப்பதற்கென்றே முன்னோர் இவற்றை வளர்த்தனர். வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் இவற்றைவிடக் கனத்தது. காட்டுப் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டது. மோப்பம் பிடித்து மெதுவாகத் தடம் தொடரும் நாய் வேறு. ஓடுவதைக் கண்ட மாத்திரத்தில் பாயும் நாய் வேறு. சிப்பிப்பாறையும் கன்னியும் இரண்டாவது வகை.

இன்று முயல் வேட்டை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முயல் பிடிப்பது குற்றம். ஆனால் சட்டம் வேட்டையை நிறுத்தியதே தவிர, நாயின் இரத்தத்தில் உள்ள வேட்டைக் குணத்தை நிறுத்தவில்லை. சிறிய உடல், மென்மயிர், வெடுக்கென்று திசை மாற்றும் ஓட்டம் ஆகிய மூன்றும் முயலுக்கு உண்டு. அந்த மூன்றும் பூனைக்கும் உண்டு. அந்திப் பொழுதில் வரப்பைக் கடந்து ஓடும் ஒரு பூனை, வேட்டை நாயின் கண்ணுக்கு முயலாகவே தெரிந்தால் அது நாயின் குற்றமன்று.

ஆத்திரம் வேறு, வேட்டை வேறு

இந்த இடத்தில் பலரும் ஏமாந்து போகின்றனர். "எங்கள் நாய் பரம சாது. பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தால்கூடச் சும்மா படுத்திருக்கும். அது பூனையை என்ன செய்துவிடப் போகிறது?" என்று கூறுவர். சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் சாதுவான குணத்துக்கும் வேட்டைக் குணத்துக்கும் தொடர்பில்லை.

நாய் உறுமுவதும் பல்லைக் காட்டுவதும் கோபத்தால் அல்லது அச்சத்தால். வேட்டையில் கோபம் இல்லை. வேட்டையாடும் நாய் குரைக்காது, உறுமாது, காது நிமிர்த்தி, உடலை விறைத்து, ஒரே பார்வையாகப் பார்க்கும், பிறகு பாயும். பசியும் இதற்கு முழுக் காரணமன்று. வயிறு நிறைந்த நாயும் ஓடுவதைத் துரத்தும். ஆகவே "நன்றாகச் சோறு போட்டால் பூனையைத் தொடாது" என்னும் நம்பிக்கையும் சரியன்று. கோபக்கார நாயை அதன் உறுமலிலிருந்து முன்கூட்டி அறியலாம். வேட்டை நாய் அப்படி முன்னறிவிப்புத் தருவதில்லை. 20 கிலோ எடையுள்ள நாய் 3 கிலோப் பூனையின் கழுத்தையோ முதுகையோ கவ்வி ஓர் உதறு உதறினால் போதும்; வீட்டார் ஓடி வருமுன் எல்லாம் முடிந்துவிடும்.

பூனை எவ்வளவு பெறும்?

"பூனைதானே, போனால் போகட்டும்" என்று கருதுவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வளர்ந்த எலி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் தானியம் தின்னும். வீட்டிலும் தொழுவத்திலும் படப்பிலுமாகப் பத்து எலிகள் இருந்தால் நாளுக்கு 250 கிராம். ஆண்டுக்கு 90 கிலோவுக்கு மேல். தின்பதோடு நில்லாமல் சாக்கைக் கடித்துச் சிந்துவதும், புழுக்கையாலும் சிறுநீராலும் கெடுப்பதும் தனி. எலியின் கர்ப்ப காலம் மூன்று வாரமே. ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டிகள் வரை போடும். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இந்த இழப்பு சிறியதன்று. எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பூனை எல்லா எலியையும் தீர்த்துவிடும் என்பதும் மிகை. பெருத்த பெருச்சாளியைப் பூனை பெரும்பாலும் சீண்டுவதில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் எல்ட்டன் என்னும் விஞ்ஞானி பண்ணை வீடுகளில் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்ட முடிவு நம் வீடுகளுக்கும் பொருந்தும். எலிகள் பெருகிவிட்ட இடத்தைப் பூனையால் மட்டும் சுத்தம் செய்ய இயலவில்லை. ஆனால் எலியை ஒருமுறை ஒழித்துவிட்டால், மீண்டும் வந்து குடியேறாமல் பூனைகள் காத்தன. அந்தப் பூனைகளுக்கு வீட்டிலேயே பால் வைக்கப்பட்டது. அதனால் அவை வேறெங்கும் அலையாமல் வீட்டைச் சுற்றியே இருந்தன. பூனைக்குச் சோறு போட்டால் எலி பிடிக்காது என்பது தவறான எண்ணம். பட்டினிப் பூனை இரை தேடி ஊர் சுற்றப் போய்விடும்.

பூனை இல்லாமற்போனால் அடுத்து வருவது எலி மருந்து. நச்சு உணவை நாயும் கோழியும் தின்னலாம். மருந்து தின்று செத்த எலியை நாய் தின்றாலும் ஆபத்து நேரலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம். ஆக, வாசலைக் காக்க வந்த நாய் குலுக்கையைக் காத்த பூனையைக் கொன்றால், அந்த வீடு ஒரு காவலைப் பெற்று இன்னொரு காவலை இழக்கிறது. கூடவே ஒரு நஞ்சையும் வீட்டுக்குள் கொண்டு வருகிறது.

குட்டிப் பருவத்தில் படிந்தது

அப்படியானால் வேட்டை நாயும் பூனையும் ஒரு வீட்டில் வாழவே முடியாதா? முடியும். ஆனால் அதற்கு ஒரு காலம் உண்டு; ஓர் எல்லையும் உண்டு.

காலத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்னும் இரு விஞ்ஞானிகள் பல இன நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1965-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை, தன்னைச் சுற்றியுள்ள உயிர்களில் யார் தன் கூட்டம் என்பதைப் பதித்துக்கொள்கிறது என்று அவர்கள் கண்டனர். அந்தக் காலத்தில் மனிதரோடு பழகினால் மனிதர் உறவு. ஆட்டோடு பழகினால் ஆடு உறவு. ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளுக்கு இதைப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. கிடைக்குள்ளேயே கண் விழித்த நாய்க்குட்டி பெரிதானபின் ஆட்டைக் காக்கிறது. பெரிதானபின் கிடைக்கு வந்த நாயை அவ்வளவு எளிதில் நம்புவதற்கில்லை. பூனைக்குட்டிக்கோ இந்தக் காலம் இன்னும் குறுகியது; பிறந்த இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரைதான்.

இனி எல்லையைப் பார்ப்போம். சீன விஞ்ஞானி குவோ 1930-இல் பூனைக்குட்டிகளையும் எலிகளையும் வைத்துச் செய்த ஆய்வு இதற்குத் தெளிவான விளக்கம். எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20 குட்டிகளில் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் மூன்றே கொன்றன. அந்த மூன்றும் கூடத் தம்மோடு வளர்ந்த இனத்து எலியை விட்டுவிட்டு, வேறு இனத்து எலியைத்தான் கொன்றன.

இதில் விவசாயிக்கு இரண்டு செய்திகள் உள்ளன. எலிக்காகப் பூனை வளர்க்க விரும்புவோர், எலி பிடிக்கும் தாயின் குட்டியைத் தேடி வாங்குவது நன்மை பயக்கும் என்பது ஒன்று. மற்றது இக்கட்டுரையின் பொருளைச் சேர்ந்தது. உடன் வளர்ந்ததைத்தான் உறவாகக் கொள்ளும். அந்த வகை முழுவதையும் உறவாகக் கொள்ளும் என்று எதிர்பார்க்கலாகாது. பூனை விஷயத்தில் வேட்டை நாயிடமும் இதே குணத்தைக் காணலாம். தன் வீட்டுப் பூனையோடு ஒரே சாக்கில் படுத்துறங்கும் நாய், அடுத்த வீட்டுப் பூனையைக் கண்டால் துரத்தும். இன்னும் சொல்லப்போனால், திண்ணையில் ஒட்டிப் படுத்திருக்கும் அதே பூனை திறந்த காட்டில் வெருண்டு ஓடினால், அதையே துரத்தவும் கூடும். வீட்டுக்குள் செல்லுபடியாகும் உறவு வரப்பில் செல்லாமற் போகலாம்.

இரு தரப்புப் பேச்சு

இதைப் பற்றி ஊரில் இரு வகைப் பேச்சு உண்டு. குட்டி விற்போர், "இந்தக் குட்டி பாலும் தேனும் போல ஒட்டிக்கொள்ளும், கவலை வேண்டாம்" என்பர். வீட்டுப் பெரியவர்களோ, "வேட்டை நாயும் பூனையும் ஒரு கூரைக்கு ஆகாது" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவர். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. பூனையோடு வளர்ந்த குட்டி வீட்டுப் பூனையை விட்டுவைக்கும் என்பது உண்மை. ஆனால் கவலை வேண்டாம் என்பது உண்மையன்று. பெரிதாக வளர்ந்து, துரத்திப் பிடித்துப் பழகிய நாய் பூனைக்கு ஆகாது என்பது உண்மை. எந்தக் குட்டியும் ஆகாது என்பது உண்மையன்று.

இனத்தின் பெயர் ஒன்றை மட்டும் கேட்டு முடிவு செய்வது கூடாது. அந்தக் குட்டி எங்கே வளர்ந்தது, இனி எங்கே வளரப்போகிறது என்பவற்றைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சிறு விவசாயி குட்டி வாங்கப் புறப்படுமுன் வீட்டாரோடு அமர்ந்து கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளுக்கு விடை காண்பது நலம்.

1. குட்டியின் வயது என்ன? எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. எட்டு முதல் பத்து வாரக் குட்டியே ஏற்றது. ஆறு மாதம் கடந்த நாய், அதிலும் முயலையோ கோழியையோ ஒருமுறை பிடித்துச் சுவை கண்ட நாய், பூனை உள்ள வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

2. குட்டி பிறந்த இடத்தில் பூனை உண்டா? பூனை நடமாடும் வீட்டின் கொல்லையில் கண் விழித்த குட்டிக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. கூண்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டி அந்தப் பாடத்தைத் தொடங்கவே இல்லை.

3. குட்டிக்குக் காது கேட்கிறதா? முழு வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. ராஜபாளையம் இனமும் இதற்கு விலக்கன்று. குட்டி பார்க்காத நேரத்தில் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாய்கிற நாயை நிறுத்த விவசாயியிடம் இருப்பது குரல் ஒன்றுதான். குரல் கேளாத நாயைப் பூனை உள்ள வீட்டில் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.

4. வீட்டில் அடைப்பு உண்டா? வேட்டை நாய் தாழ்ந்த வேலியை எளிதில் தாண்டும். ஆளுயரத்துக்கு மேற்பட்ட சுவரோ கம்பி வலையோ இல்லாத வீட்டில், நாயை நாள் முழுதும் கட்டிப் போட வேண்டிவரும். ஓடப் பிறந்த நாயை நாள் முழுதும் கட்டிப் போட்டால், அவிழ்த்த கணத்தில் எது ஓடினாலும் துரத்தும்.

5. ஓராண்டுக் காலம் மேற்பார்வை செய்ய ஆள் உண்டா? காலையில் காட்டுக்குப் போய் அந்தியில் திரும்பும் குடும்பத்தில், பகலில் நாயும் பூனையும் மட்டும் வீட்டில் இருக்கும் நிலை வரும். அந்த நேரத்தில் இரண்டையும் பிரித்து வைக்க ஒரு கூண்டோ கதவுள்ள அறையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த ஐந்தில் இரண்டுக்கு மேல் "இல்லை" என்று விடை வந்தால் அந்த வீட்டுக்கு வேட்டை நாய் ஏற்றதன்று. பூனையை அப்புறப்படுத்திவிட்டு நாயைக் கொண்டு வரலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். அப்போது குலுக்கைக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பழக்கும் முறை

ஏற்றது என்று முடிவு செய்தவர்கள் அவசரப்படலாகாது. குட்டி வந்த முதல் வாரம் பூனையின் கண்ணில் படாமல் தனியே வைக்க வேண்டும். நாய்க்குட்டி படுத்த சாக்கைப் பூனை படுக்கும் இடத்திலும், பூனை படுத்த துணியைக் குட்டியின் கூண்டிலும் போட்டு வைத்தால், ஒன்றின் வாடை மற்றதற்குப் பழகிவிடும்.

இரண்டாம் வாரத்தில் குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பூனையை உயரமான இடத்தில் இருக்க விட்டு, இரண்டும் பார்த்துக்கொள்ளச் செய்யலாம். குட்டி பூனையைப் பார்த்துவிட்டு வீட்டாரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டுக் கருவாடோ முட்டையோ கொடுக்க வேண்டும். பூனையைப் பார்த்தால் வீட்டாரிடம் திரும்ப வேண்டும் என்பதே கற்க வேண்டிய பாடம். "வேண்டாம்" என்னும் ஒரு சொல்லை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே விதமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் "விடு" என்றும், இன்னொருவர் "சூ" என்றும், பிள்ளைகள் வேடிக்கைக்காகப் "பிடி" என்றும் சொன்னால் பாடம் கெட்டுப்போகும். பூனையைக் காட்டி நாயை ஏவி விளையாடுவதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். குட்டியை அடித்துப் பழக்குவதும் கூடாது. அடித்தால் அடிப்பவர் இல்லாத நேரத்தில் துரத்தக் கற்குமே தவிர, துரத்தாமல் இருக்கக் கற்காது.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையிலான காலம் மிகவும் கவனிக்கத்தக்கது. அதுவரை பூனையோடு உருண்டு விளையாடிய குட்டிக்கு அப்போதுதான் வேட்டைக் குணம் முழுமையாக வெளிப்படும். "இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே" என்று காவலைத் தளர்த்துவது அந்த வயதில்தான் பெருந்தவறு. ஒன்றுக்கு இரண்டு வேட்டை நாய்கள் இருந்தால் இன்னும் ஆபத்து. தனியே சும்மா இருக்கும் நாய், துணை சேர்ந்தால் துரத்தும்.

பூனைக்குத் தப்பும் வழி எப்போதும் இருக்க வேண்டும். பரண், மச்சு, ஆறடி உயரத்தில் சுவரில் அடித்த ஒரு பலகை, நாய் நுழைய முடியாத ஒரு சிறு சந்து ஆகியவற்றில் இரண்டாவது வீட்டிலும் தொழுவத்திலும் அமைத்திருக்க வேண்டும். பூனையின் பாலும் சோறும் உயரத்தில் வைக்கப்பட வேண்டும். தீனித் தட்டின் அருகே தொடங்கும் சண்டை பூனையின் சாவில் முடியலாம். இரவில் நாய் அவிழ்த்து விடப்படும் நேரத்தில், பூனை தானிய அறைக்குள் இருப்பது சாலச் சிறந்தது. அங்கேதான் அதற்கு வேலையும் இருக்கிறது. கோழி, வெள்ளாட்டுக் குட்டி, வளர்ப்பு முயல் உள்ள வீடுகளுக்கும் இம்முறைகள் பொருந்தும்.

நாயும் பூனையும் பிடித்துக்கொண்டால் கையை நடுவில் நுழைக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றலாம். சாக்கையோ தட்டியையோ இடையில் தள்ளலாம். கடியோ கீறலோ பட்டால், உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் நாய்க்கடியால் மட்டும் வருவதன்று, பூனைக்கடியாலும் வரும். நாய், பூனை இரண்டுக்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் மீண்டும் போட்டு வர வேண்டும்.

வேண்டாம் என்று சொல்வதும் நாய்க்குச் செய்யும் நன்மை

வேட்டை நாய் வேண்டாம் என்று முடிவு செய்யும் விவசாயி நாட்டினத்தை மதிக்காதவர் ஆகிவிட மாட்டார். தவறான வீட்டுக்குப் போன நாயின் கதையைப் பல ஊர்களில் காணலாம். ஓராண்டில் வீட்டுப் பூனை போகிறது. பிறகு அடுத்த வீட்டுப் பூனையோ நான்கு கோழிகளோ போகின்றன. பூனையைக் கொன்ற பாவம் என்று ஊரார் பேசுகின்றனர். அண்ணன் தம்பி போலப் பழகிய இரு வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முடிவில் நாய் குட்டைச் சங்கிலியில் கட்டப்படுகிறது, அல்லது இரவோடு இரவாக வெளியூர்ச் சாலையில் இறக்கிவிடப்படுகிறது. பசியில் வாட வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, ஓடுவதற்கென்றே பிறந்த ஓர் உயிருக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. நல்ல இனத்தைக் காப்பது குட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதில் மட்டும் இல்லை. ஒவ்வொரு குட்டியும் தனக்கேற்ற வீட்டுக்குப் போய்ச் சேருவதில்தான் இருக்கிறது.

அடைப்பும் ஆளும் இல்லாத வீட்டுக்கு நம் ஊர் நாட்டு நாயே போதும். தெருவில் பூனையையும் கோழியையும் பார்த்தே வளர்ந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியை எட்டாவது வாரத்தில் எடுத்து வளர்த்தால், அதுவும் இரவில் அயலார் வரும்போது குரைக்கும். சிறு விவசாயிக்குத் தேவை அந்தக் குரைப்புத்தான். நாட்டு நாயும் பூனையைத் துரத்துவதுண்டு. ஆகவே அதையும் பழக்கத்தான் வேண்டும். ஆனால் கண்ணில் பட்டதை எல்லாம் எட்டிப் பிடிப்பதற்கென்றே பொறுக்கி எடுக்கப்பட்ட இனமன்று அது.

வேட்டை நாய்தான் வேண்டும், பூனைக்கும் நாய்க்கும் ஒத்துவராது என்ற நிலையில் உள்ளவர்கள், முதலில் தானியத்தைக் காக்கும் வழியைச் செய்துவிட்டு நாயைக் கொண்டு வரலாம். மூடியுள்ள தகரக் குதிரில் தானியத்தைச் சேமித்து, சாக்குகளைச் சுவரை விட்டு நகர்த்திப் பலகை மேல் அடுக்கி, கதவிடுக்குகளில் தகரம் அடித்து, படப்பை வீட்டை விட்டுத் தள்ளி மேய்ந்தால் எலித் தொல்லை பெரிதும் குறையும். பூனை செய்த வேலையில் ஒரு பகுதியைத் தகரமாவது செய்யும். இருக்கும் பூனையைத் தெருவில் விட்டுவிடாமல், அதை விரும்பி வளர்க்கும் உறவினர் வீட்டில் சேர்ப்பது வீட்டாரின் கடமை.

ஆகவே, பூனை வளர்க்கும் வீட்டுக்கு வேட்டை நாய் ஏற்றதா என்னும் கேள்விக்கு விடை நாயிடம் மட்டும் இல்லை. எட்டு வாரக் குட்டி, பூனையோடு பழகிய பிறப்பிடம், கேட்கும் காது, உயர்ந்த அடைப்பு, ஓராண்டுப் பொறுமை ஆகிய ஐந்தும் கூடிய வீட்டில் சிப்பிப்பாறையும் பூனையும் ஒரே கூரையின் கீழ் வாழலாம். அப்போதும் அடுத்த வீட்டுப் பூனைக்கு அந்த நாயை நம்பி உத்தரவாதம் கொடுக்கலாகாது. இவை கூடாத வீட்டில் அந்த ஆசையை ஒத்திப்போடுவதே அறிவுடைமை. வாசலைக் காக்க ஒரு நாய் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். குலுக்கையில் இருக்கும் தானியமோ அடுத்த மகசூல் வரும்வரை வீட்டாருக்குப் போதவேண்டும். குட்டி வாங்கப் பணத்தை எண்ணுமுன் விவசாயப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.